பைக், கார் பராமரிப்பு: வண்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்தமாக பைக்கோ ஸ்கூட்டரோ சின்னக் காரோ வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இருக்க வேண்டியதில்லை. நடுரோட்டில் நின்றுபோகும் வண்டிகளில் பெரும்பாலானவை முன்பே ஏதாவது ஒரு விதத்தில் சொல்லிவிட்டுத்தான் நிற்கின்றன: ஒரு சத்தம், ஒரு வாடை, தரையில் ஒரு சொட்டு. அதைக் கவனிக்கத் தெரிந்தால் போதும், பழுதை மெக்கானிக் பார்த்துக்கொள்வார். கீழே வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் வேறு எண் போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

டயர் காற்று, ஆயில் அளவு, பிரேக், விளக்குகள். கார் என்றால் கூடவே கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்புறம், ராத்திரி முழுக்க வண்டி நின்ற தரையையும் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ இருந்தால் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக, வழவழப்பாக இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம், அன்று வண்டியை எடுக்காதீர்கள்.

காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதே?

ஏசி போட்டு ஓட்டி வந்த பிறகு தெளிந்த தண்ணீர் சொட்டினால் அது ஏசியிலிருந்து வடிவது. கவலை வேண்டாம்.

இன்ஜின் ஆயில் அளவை எப்படிப் பார்ப்பது? எப்போது மாற்றுவது?

பைக்கைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் அளவு தப்பாகக் காட்டும். இரண்டு மூன்று நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்துவிட்டு, அதே அளவு நேரம் காத்திருங்கள். மேலே ஏறிய ஆயில் கீழே இறங்கட்டும். ஆயில் அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் திருகி எடுத்து, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகள் பலவற்றில் இந்த இரண்டாவது முறை திருகக் கூடாது. துளையில் சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். வேறு சில பைக்குகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது, இன்ஜினின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கும். எதுவானாலும் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் ஆயில் நின்றால் சரி.

நூறு, நூற்றிருபத்தைந்து சிசி வண்டிகள் பலவற்றில் மொத்த ஆயிலே ஒரு லிட்டருக்குள்தான். அதில் கால் லிட்டர் குறைந்தால் நாலில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். நாலு லிட்டர் பிடிக்கும் கார் தாங்குகிற குறைவை பைக் தாங்காது. அதனால்தான் பைக்காரர்கள் இதில் கூடுதல் கண்ணாக இருக்க வேண்டும் என்கிறேன்.

நிறம் கறுத்துவிட்டது என்பதற்காகவே மாற்ற வேண்டியதில்லை. டீசல் வண்டியில் புது ஆயில்கூட சீக்கிரமே கறுத்துவிடும். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று துகள் தட்டுப்பட்டாலோ பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

மாற்றும் காலம் வண்டிக்கு வண்டி வேறுபடும். பைக்குகளில் பொதுவாக 3,000 முதல் 6,000 கிலோமீட்டர். சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அது. வண்டி ஓடவே இல்லை என்றாலும் அந்த ஒரு வருடக் கணக்கு உண்டு.

வீட்டில் மீதமிருக்கும் கார் ஆயிலை பைக்குக்கு ஊற்றலாமா?

வேண்டாம். கியர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் தகடுகள் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி இருக்கின்றன. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும். அது போய் கிளட்ச் தகட்டில் படிந்தால் கிளட்ச் வழுக்கும். ஆக்சிலேட்டர் முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பைக் ஆயில் டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று போட்டிருக்கும். ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருப்பதால் அதற்கு ‘எம்பி’ வகை வரும். கடையில் கேட்கும்போது 10டபிள்யூ-30 என்பது போல ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும் எண்ணை மட்டும் சொல்லாமல் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டயரில் எவ்வளவு காற்று வைப்பது?

காரில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பைக்கில் செயின் கவர் அல்லது பின் சக்கரத்தைத் தாங்கும் கம்பிப் பக்கம் ஒட்டியிருப்பார்கள். ஒருவர் போகும்போது எவ்வளவு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்று அதில் தனித்தனியாக இருக்கும். டயரின் ஓரத்தில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது.

டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே சரியான கணக்கு. வெயிலில் நெடுந்தூரம் ஓட்டிவிட்டு பங்க்கில் அளந்தால் காற்றழுத்தம் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் குறைவான காற்றோடு கிளம்புவீர்கள். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஓயாமல் மடங்கி மடங்கிச் சூடேறும். கோடையில் நான்குவழிச் சாலையில் டயர் வெடிப்பதற்கு இது முக்கியமான காரணம்.

நைட்ரஜன்தான் நல்லதா என்றும் கேட்கிறார்கள். தவறில்லை, ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுத்து நைட்ரஜன் அடித்துவிட்டு மூன்று மாதம் திரும்பிப் பார்க்காமல் இருப்பதைவிட, பங்க்கில் இலவசக் காற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிடிப்பது எவ்வளவோ மேல். ஸ்டெப்னிக்கும் பிடியுங்கள். தேவைப்படும் நேரத்தில் அதில் காற்றே இருக்காது என்பது ரொம்பப் பேர் வழியில் கண்டுபிடிக்கும் உண்மை.

டயர் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து டயரின் மேல்பரப்பு அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். கார் டயரில் அது 1.6 மில்லிமீட்டர் உயரம். மழைத் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான். அது போய்விட்டால் ஈர ரோட்டில் பிரேக் பிடித்தும் பயனில்லை.

வயதையும் பாருங்கள். டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாத காரில் பள்ளம் ஆழமாக இருக்கும், ரப்பரோ வெடிப்பு விட்டிருக்கும். புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

காலையில் பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் என்ன பார்க்கலாம்?

முதலில் வலது கைப்பக்கம் இருக்கும் சிவப்பு கில் சுவிட்ச். பார்க்கிங்கில் யாராவது, பெரும்பாலும் குழந்தைகள், தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அடுத்து சைடு ஸ்டாண்டு: இப்போதைய வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டு கீழே இருந்தால் இன்ஜின் ஓடாது. அப்புறம் பெட்ரோல்.

இவை சரியாக இருந்தால் சாவியைப் போட்டு காதைக் கொடுங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான பெட்ரோல் பைக்குகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோல் பம்ப் வந்துவிட்டது. சாவி போட்டதும் டேங்க் பக்கமிருந்து ஓரிரு விநாடி ‘ங்ங்’ என்று மெல்லிய சத்தம் வரும். மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து அணையும். பம்ப் சத்தமே இல்லை, விளக்கும் இல்லை என்றால் பேட்டரி அல்லது ஃபியூஸ். ஃபியூஸ் பெட்டியிலேயே உபரி ஃபியூஸ் பெரும்பாலும் இருக்கும். அதே ஆம்பியர் எண் உள்ளதை மட்டும் போடுங்கள். மறுபடியும் போனால் எங்கோ ஒயர் உரசுகிறது, எலக்ட்ரீஷியனிடம்தான் போக வேண்டும். ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றி ஓட்டினால் வண்டியே எரியலாம்.

சத்தம் வருகிறது, செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க் பிளக்கைச் சந்தேகப்படுங்கள். கழற்றிப் பார்த்தால் நுனி வெளிர் பழுப்பாக இருப்பது நல்ல அறிகுறி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். எண்ணெய்ப் பசையாக நனைந்திருந்தால் இன்ஜின் ஆயில் மேலே ஏறுகிறது. கழற்றிய பிளக்கை மெக்கானிக்கிடம் அப்படியே காட்டுங்கள். துடைத்துவிட்டால் அதிலிருந்து படிக்க ஒன்றும் மிஞ்சாது.

கார் செல்ஃப் எடுக்கவில்லை, ‘டக் டக்’ என்று மட்டும் சத்தம் வருகிறது.

பெரும்பாலும் பேட்டரிதான். உள் விளக்கைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். விளக்கு மங்கினால் பேட்டரி இறங்கிவிட்டது. பானெட்டைத் திறந்து பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அந்தப் பூச்சே கரண்ட்டைத் தடுக்கும். முதலில் மைனஸ் பக்கத்தைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவித் துடைத்து, வாஸ்லின் தடவி, பிளஸை முதலில் மாட்டுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. வண்டி ஓடாமல் நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5-க்குள். ஓடும்போதும் 12-லேயே நின்றால் பேட்டரி மேல் குற்றமில்லை, ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. இதைப் பார்க்காமல் புது பேட்டரி வாங்கினால் அதுவும் சில நாளில் இறங்கிவிடும்.

இன்னொரு காரிலிருந்து கரண்ட் எடுப்பதானால் வரிசை முக்கியம். இறங்கிய பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனையை இறங்கிய காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வருவதால், அந்தப் பொறி பேட்டரியிலிருந்து தள்ளி விழ வேண்டும்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

கியர் கார், கியர் பைக் என்றால் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் முடியும். முழுக்கச் செத்துவிட்டால் பெட்ரோல் பம்பே ஓடாது என்பதால் எவ்வளவு தள்ளினாலும் பலனில்லை. ஸ்கூட்டரிலும் ஆட்டோமேட்டிக் காரிலும் சக்கரம் சுற்றி இன்ஜினைச் சுற்றாது. தள்ளாதீர்கள்.

செயினை எப்படிப் பராமரிப்பது?

சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் அதற்கு முன்பே. மண்ணெண்ணெய் நனைத்த துணி அல்லது செயின் கிளீனரால் அழுக்கை எடுத்து, உலர்ந்ததும் செயின் லூப் அல்லது 90 நம்பர் கியர் ஆயில் விடுங்கள். பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங் உள்ள செயினில் ரப்பர் கெடும். பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, சுற்றுகிற செயினில் துணியை வைத்துத் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு.

நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். ரொம்ப இறுக்கினாலும் பேரிங் போகும். மாற்றும்போது செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் செட்டாக மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

பிரேக்கில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

டிஸ்க் பிரேக் என்றால் செல்போன் டார்ச்சை அடித்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் எட்டிப் பாருங்கள். டிஸ்க்கின் இரு பக்கமும் பேட் ஒட்டியிருக்கும். அதில் தேய்கிற பகுதி ஓரிரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். ‘கிரீச்’ என்ற சத்தம் தூசியாலும் வரும். ‘கர்ர்’ என்று இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் வந்தால் பேட் முடிந்து டிஸ்க்கைத் தின்ன ஆரம்பித்துவிட்டது, அன்றே பட்டறைக்குப் போங்கள். டிரம் பிரேக்கில் வெளியே உள்ள நெம்புகோல் அருகே ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை அழுத்தும்போது அது எதிரே இருக்கும் கோட்டைத் தொட்டால், டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் ஷூ தேய்ந்துவிட்டது.

பிரேக் ஆயிலை ரொம்பப் பேர் மறந்தே விடுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். டவுன் ஓட்டத்தில் இது தெரியாது, மலையிறங்கும்போது தெரியும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பேடும் டிஸ்க்கும் பழுக்கச் சூடாகி, அந்தச் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். பெடல் பஞ்சு போல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இதற்கு முன் கருகிய வாடை வரும். வந்தவுடன் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும்.

ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், முதலாவதோ இரண்டாவதோ. நியூட்ரலில் உருட்டவே கூடாது. ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிமானம் குறைவு என்பதால் அதை இன்னும் மெதுவாக இறக்க வேண்டும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எந்த வகை, டாட் 3-ஆ டாட் 4-ஆ என்பது அது ஊற்றும் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

கார் சூடேறி மீட்டர் முள் சிவப்புக்குப் போகிறது. என்ன செய்வது?

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூடு கொஞ்சம் அந்த வழியாக இறங்கும். அப்படியே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறிய பிறகு துணி வைத்து மெல்லத் திறவுங்கள்.

அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றி பட்டறை வரை போகலாம். அதையே வழக்கமாக்காதீர்கள். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம், பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைக் காரை ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். கூலன்டை டிஸ்டில்டு வாட்டரில்தான் கலக்க வேண்டும்.

வண்டி வெள்ளத்தில் நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023-இல் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் வண்டிகள் மூழ்கியதைப் பார்த்தோம். முழுகியதால் வரும் சேதம் ஒருபுறம், தண்ணீர் புகுந்த இன்ஜினைச் செல்ஃப் அடிப்பதால் வரும் சேதம் இன்னொருபுறம். காற்றை அமுக்கும் இடத்தில் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே வர முடியாமல், அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஒரே ஒரு முறை சாவி திருப்பினாலும் போதும், இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும்.

முடிந்தால் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்று தெரியும்படி படம் எடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, வண்டியைக் கட்டி இழுத்துப் போகச் செய்யுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் கெட்ட இன்ஜினுக்கு ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் பிரிவு இல்லாவிட்டால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

தேங்கிய தண்ணீரில் போயே ஆக வேண்டும் என்றால், சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் இருந்தால் திரும்பிவிடுங்கள். குறைவாக இருந்தால் முதல் கியரில், ஆக்சிலேட்டரை விடாமல், ஒரே வேகத்தில். வெளியே வந்ததும் பிரேக்கை லேசாகச் சிலமுறை அழுத்தி உலர்த்துங்கள்.

சைலன்சரில் வரும் புகையை வைத்து என்ன தெரியும்?

நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. வெள்ளை, குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்து நின்றால் வெறும் நீராவி. சூடான பிறகும் அடர்த்தியாக வந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால், இன்ஜினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திடீரென்று மைலேஜ் குறைந்துவிட்டது. பெட்ரோல்தான் காரணமா?

ஓரளவு. இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் சற்று இறங்குவது இயல்பு. 2023-க்கு முந்தைய வண்டி என்றால் பெட்ரோல் ஹோஸ்களில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்று சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டென்று பத்து கிலோமீட்டர் குறைந்தால் காரணம் வண்டிக்குள்தான் இருக்கிறது. டயர் காற்று, உரசிக்கொண்டிருக்கும் பிரேக், காய்ந்த செயின், ஏர் ஃபில்டர் என்று வரிசையாகப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டால் பிரேக் உரசுவது தெரிந்துவிடும். ஏர் ஃபில்டரில் ஒன்றைக் கவனியுங்கள்: எண்ணெய் தோய்ந்த காகித வகை ஃபில்டர் சில ஸ்கூட்டர்களிலும் பைக்குகளிலும் வருகிறது. அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

மீட்டரில் எந்த விளக்கு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்?

சிவப்பு எல்லாம். குறிப்பாக எண்ணெய்க் கிண்டி படம் போட்ட விளக்கு: ஓடும்போது அது எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள், பட்டறை பக்கத்துத் தெருவில் இருந்தாலும் சரி. மஞ்சள் விளக்கு நிதானமாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் போய்க் காட்டலாம். இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஓட்டாமல் நிறுத்திவிடுவதே நல்லது.

மெக்கானிக் ஏமாற்றாமல் இருக்க என்ன செய்வது?

பெரும்பாலான வீண்செலவு ஏமாற்றுவதால் வருவதில்லை, நாம் தப்பாகச் சொல்வதால் வருகிறது. “கிளட்ச் பிளேட் மாத்துங்க” என்றால் மாற்றித்தான் தருவார். அதற்குப் பதில், “அண்ணே, வண்டி சூடான பிறகு, மேடு ஏறும்போது மட்டும், இன்ஜின் கத்துது, வண்டி இழுக்க மாட்டேங்குது” என்று சொல்லிப் பாருங்கள். எப்போது, எந்த வேகத்தில், குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, ஏசி போட்டாலா அணைத்தாலா என்பதுதான் அவருக்கு வேண்டிய தகவல். பட்டறைக்குப் போனதும் சத்தம் நின்றுவிடும் என்பதால் வரும்போதே செல்போனில் பதிவு செய்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், ஆயில் டப்பாவை உங்கள் எதிரில் உடைக்கச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு மாதம் வெளியூர் போகிறோம். வண்டியை எப்படி விட்டுப்போவது?

கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு மூடுங்கள். டேங்கை நிரப்பிவிடுங்கள், காலி இடத்தில்தான் ஈரம் சேரும். பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பைக்கை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கார் டயரில் சொன்ன அளவுக்குக் காற்று பிடித்து, ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள். மாதக்கணக்கில் ஹேண்ட் பிரேக் போட்டே நின்றால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

காருக்குள் பிஸ்கட், அரிசி மூட்டை எதையும் விட்டுப்போகாதீர்கள். எலி வரும், வந்தால் ஒயரைக் கடிக்கும். திரும்பி வந்து சாவி போடும் முன் பானெட்டைத் திறந்து, கடித்த ஒயர் ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.